ஊவாத் தோட்டங்களில் நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தமாதல்: கடித உறையை முன்னிறுத்திய ஓர் ஆரம்பநிலை ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஊவா மாகாணத்துத் தேயிலையைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. அதன் வாசனைக்கும் வேருக்கும் தூளின் தரத்துக்கும் இலையில் வரும் கொப்புள நோய்க்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். அந்த இலையைப் பறித்தவரின் பிள்ளை வேலைக்கு மனுப் போட்டால் என்ன ஆகிறது என்பதற்கு மட்டும் நிபுணர் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். நிரம்பாத பகுதி அடுத்த நிதியாண்டில் நிரப்பப்படும்.

நேர்முகப் பரீட்சையில் வெல்வது எப்படி என்று சொல்லும் நூல்கள் எல்லாப் பஸ் நிலையங்களிலும் கிடைக்கின்றன. கதவைத் தட்டு, புன்னகை செய், சொல்லும்வரை உட்காராதே என்று அவை கதவிலிருந்தே தொடங்குகின்றன. இவ்வாய்வாளரின் கருதுகோள் வேறு. பசறைக்கு மேலே ஒரு லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பிலிருந்து, புறப்பட்டு அந்தக் கதவைத் தொட்டவர், ஆயத்தத்தின் பெரும்பகுதியை அதற்குள்ளேயே முடித்துவிட்டார்.

2. முறையியல்

பதுளை பஸ் நிலையத்தில் பசறைப் பக்கம் போக நின்றவர்களே மாதிரிக் குழு. அவர்கள் எழுமாறாகத் தெரிவானார்கள். பஸ்ஸும் எழுமாறாகவே வந்தது. அது வந்ததும் மாதிரிக் குழு ஏறிப் போய்விட, தரவு திரட்டல் நிறைவெய்தியது. பெரிய இடங்களில் இதைக் ‘காலவரையறைக்குட்பட்ட களப்பணி’ என்பார்கள்.

3. வேலை தேடுவோரின் வகைப்பாடு

(அ) வர்த்தமானி நோக்கிகள். வெள்ளிக்கிழமைதோறும் வரும் அரச வர்த்தமானியில் வயதெல்லை, தகைமை, முடிவுத் திகதி மூன்றையும் பார்த்து, ஏதோ ஒன்று இடிப்பதைக் கண்டு அடுத்த வெள்ளிக்குக் காத்திருப்பவர்கள். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபின், இந்த வகையினருக்கு லயத்தில் சற்று மரியாதை கூடியது.

(ஆ) கடைவழியினர். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு கொழும்புக்குப் போய், ‘ரிசல்ட் வரும்வரைக்கும்’ ஒரு கடையில் நிற்பவர்கள். ரிசல்ட் வந்த பின்னும் நிற்பவர்கள்.

(இ) பட்டதாரிகள். 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுக்கும் திட்டம் 2020இல் வந்தது. மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. பயிலுநர்கள் எதைப் பயின்றார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

(ஈ) ஆசிரியர் நியமனம் வருமென்று இருப்பவர்கள். தேர்தல் காலத்தில் பெருகுவர்.

(உ) ஆள் தெரிந்தவர்கள். இவர்கள் வேலை தேடுவதில்லை. ஆகவே ஆய்வெல்லைக்கு வெளியே.

4. சுயவிபரக் கோவையும் ‘உறவினரல்லாத இருவரும்’

கோவையைத் தயாரிப்பது டவுனிலுள்ள கொமினிகேஷன் கடை. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு கோவை இருக்கும். பெயரை மட்டும் மாற்றுவார்கள். பொழுதுபோக்கு மாறாது. இதனால் ஒரு பிரதேசத்து இளைஞர் அனைவரும் வாசிப்பிலும் கிரிக்கெட்டிலும் சரிசமமான ஆர்வம் கொண்டவர்கள் என்ற சமூகவியல் உண்மை பெறப்படுகிறது. பெண்பிள்ளைகளும் கிரிக்கெட் ஆடுவதாகவே பதிவாகியுள்ளது.

கோவையின் இறுதியில் உறவினரல்லாத இருவரின் பெயர் வேண்டும். இங்குதான் மானிடவியல் குறுக்கிடுகிறது. கங்காணிமார் ஒரே ஊரிலும் ஒரே சொந்தபந்தத்திலும் ஆள் கட்டிக் கூட்டிவந்த மலை இது. லயத்தின் முதல் காம்பராவில் பெரியப்பா, இரண்டாவதில் மாமா, மூன்றாவதில் மாமாவாகப் போகிறவர். உறவல்லாதவர் வேண்டுமென்றால் மலையிறங்க வேண்டும். வழமையாகப் பாடசாலை அதிபரின் பெயரைப் போட்டுவிட்டு, இரண்டாவது பெயருக்காக ஒரு கிழமை யோசிப்பார்கள். கடைசியில் கோவில் தலைவரின் பெயர் போகும். தலைவர் விண்ணப்பதாரியின் தாத்தாவுக்கு என்ன முறை என்பது கோவை தபாலில் போன பிறகே தெரியவரும் (பார்க்க: பெரியம்மா, ‘அவரு நமக்கு யாருன்னு நெனச்ச?’, இஸ்தோப்பு உரைகள், திருத்திய பதிப்பு, முதற் பதிப்பில் ஒரு மச்சான் சித்தப்பாவாக அச்சாகியுள்ளார்).

5. நற்சான்றிதழ்

கிராம உத்தியோகத்தர் வழங்க, பிரதேச செயலகத்தில் மேலொப்பமிட, ஆறு மாதம் செல்லுபடியாகும். ஏழாம் மாதத்தில் அந்த இளைஞரின் குணம் என்னவாகிறது என்பதை மெய்யியலாளர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

6. கடித உறை

இனி மையப் பொருள்.

நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லும் கடிதம் கொழும்பிலிருந்து பதுளைக்கு வருவதில் சிக்கலில்லை. தூரம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். ரயில் பாதை 1924இலேயே பதுளையைத் தொட்டுவிட்டது. சிக்கல் கடைசி ஆறு கட்டையில்தான்.

உறையின் மேல் ஒரு பெயர், ஒரு டிவிசன், ஒரு தோட்டம், ஒரு டவுன் இருக்கும். தெரு இராது, பல லயங்களில் வீட்டிலக்கமும் இராது. லயம் தோட்டத்தைச் சேர்ந்தது. தோட்டக் காணி 1970களில் அரசுக்குப் போனது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளுடையது. உறையில் எழுதியிருப்பதில் விண்ணப்பதாரிக்குச் சொந்தமானது அவருடைய பெயர் மட்டுமே. அதனால்தான் பல தோட்டங்களில் தபால் வீட்டுக்கு வராமல் தோட்ட ஆபிசுக்கு வந்து, அங்கிருந்து பிரிகிறது. பிரிதல் என்பதை இங்கே அதன் முழுத் துயரத்தோடு கொள்க.

ஆபிசிலிருந்து காம்பராவுக்கு வரும் வழியில் கடிதம் ஐந்து பருவங்களைக் கடப்பதாக இவ்வாய்வு இனங்காண்கிறது.

மேசைப் பருவம்: செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டுக்கு அடியில் உறங்குதல். சம்பள நாள் நெருங்கினால் உறக்கம் ஆழமாகும்.

பெரட்டுப் பருவம்: விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் பெயர் வாசிக்கப்படும். உரியவர் அங்கே இருக்கமாட்டார். இருந்தால் அவருக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

‘நான் குடுத்துர்றேன்’ பருவம்: ஆய்வின் உச்சம் இது. நல்லெண்ணம் கொண்ட ஒரு அத்தை கடிதத்தை வாங்கி, மழைக்குக் கட்டிய ரப்பர் சீட்டுக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போகிறார். கடிதம் கொழுந்து நிறுவையைப் பார்க்கிறது. பகல் தேத்தண்ணியைப் பார்க்கிறது. பிள்ளைக் காம்பராவையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. இவ்வாய்வாளர் கையில் எடுத்துப் பார்த்த ஓர் உறையில் இடப்பக்க மூலை நனைந்து உலர்ந்து, முத்திரை பாதி எழும்பி, அரச இலச்சினையின் மேல் கொழுந்துக் கறை படிந்திருந்தது. உள்ளே திகதி மட்டும் தெளிவாக இருந்தது. அது போன திங்கட்கிழமை.

பெயர்க்குழப்பப் பருவம்: ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ளவர்கள் மேல் லயத்திலும் கீழ் லயத்திலும் உண்டு. கடிதம் முதலில் தவறானவரிடம் போகும். அவர் படித்துப் பார்த்து, தான் விண்ணப்பித்ததாக ஞாபகம் இல்லையே என்று வியந்து, எதற்கும் இருக்கட்டுமென்று பத்திரப்படுத்துவார்.

வீடுசேர் பருவம்: விளக்கம் தேவையில்லை, அபூர்வம்.

இந்தத் தாமதத்தின் இயற்பியல் குறித்து அறிஞரிடையே இரு பள்ளிகள் உள. தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து, தான் கடந்த ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகப் போவதை அறிவோம். கடிதமும் அவ்வாறே பெறுநரின் வீட்டை ஒருமுறை சுற்றி, அதற்கு அடியால் போய்விடுகிறது என்பது தெமோதரைப் பள்ளியின் வாதம் (பார்க்க: பதுளை ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டி, கதவோரம், வாய்மொழி மரபு; ஹாலி-எலவுக்குப் பின் சத்தத்தில் கேட்கவில்லை). எதிர்ப் பள்ளியினரோ, கடிதம் அசைவதே இல்லை, நேர்முகப் பரீட்சையின் திகதிதான் அதை நோக்கி வந்து கடந்து போகிறது என்கின்றனர் (தேயிலை ஸ்டோர் மதில், கரிக்கட்டிச் சுவடி, மேலிருந்து மூன்றாம் வரி, நான்காம் வரியில் ஒரு காதல் செய்தி இடைச்செருகலாக உள்ளது, அதை இடைச்செருகல் என்று ஏற்க மறுத்து, மூன்றாம் வரியே இடைச்செருகல் என வாதிடும் உரையாசிரியர் ஒருவர் மதிலின் மறுபக்கத்தில் எழுதியுள்ளார். அவருடைய உரை சுண்ணாம்பு பூசப்பட்டதால் கிடைக்கவில்லை. எனவே அது மிக ஆழமானது என்று கருதப்படுகிறது).

இரு பள்ளியும் விளக்க இயலாத ஒரு தோற்றப்பாடு உண்டு. அடகு வைத்த நகை ஏலத்துக்கு வருகிறது என்ற அறிவித்தல் ஒரு நாளும் பிந்தி வருவதில்லை. ஒரே தபால், ஒரே ஆபிஸ், ஒரே அத்தை. இங்கே விஞ்ஞானம் வாய்மூடி நிற்கிறது.

அரச விளம்பரங்களில் வழமையாக ஒரு நிபந்தனை இருக்கும்: தபாலில் தொலைந்த, தாமதமான விண்ணப்பங்கள் பற்றிய முறைப்பாடு ஏற்கப்படாது. இந்த நிபந்தனையை எழுதியவருக்குத் தபால் வீட்டுக்கே வந்திருக்க வேண்டும்.

மற்றோர் உபகண்டுபிடிப்பு: பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு ரயிலுக்கு நைட் மெயில் என்று பெயர். கடிதம் உரிய நாளில் கிடைத்தவர் அதில்தான் போகிறார். ஆள் தபால் ரயிலில் போகிறார். தபால் ஆள் கையில் போகிறது.

‘இப்போதெல்லாம் போனில் கூப்பிடுகிறார்களே’ என்பது நியாயமான ஆட்சேபம். சிக்னல் கோவிலடிப் பாறையில் மட்டும் உண்டு. பாறையில் மழைக்கு ஒதுங்க இடமில்லை.

7. சேர்ட்

லயத்தின் வெள்ளைச் சேர்ட்டு யார் எந்த வேலைக்குப் போனாலும் கூடவே போகும். வங்கி, பாதுகாப்புச் சேவை, ஹோட்டல் எல்லாவற்றிலும் அதற்கு அனுபவம் உண்டு. காலரின் உட்புறம் ஒரு முறை திருப்பித் தைக்கப்பட்டது. மூன்றாவது பொத்தான் மற்றவற்றைவிடச் சற்றே மஞ்சள். சப்பாத்தைச் சொப்பிங் பேக்கில் போட்டு, செருப்போடு சேற்றில் இறங்கி, மெயின் ரோட்டுக் கடை வாசலில் மாற்றிக்கொள்வது மரபு. செருப்பு கடைக்காரரின் பொறுப்பில் இருக்கும். அன்று யார் எங்கே போனார்கள் என்பது அந்தச் செருப்பின் மூலம் மாலைக்குள் டிவிசன் முழுக்கத் தெரிந்துவிடும்.

8. அறைக்குள்

இந்தப் பகுதி சிறிது, நேர்முகமும் அப்படியே.

“ஊர்?”

“பதுளை, சேர்.”

“ஆ, எல்லப் பக்கம்! ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் காலையில் போவது நல்லதா, பின்னேரமா?”

1921இல் கட்டி முடித்த பாலம் பற்றியும் தம்பேத்தன்னைக்கு மேலே லிப்டன் சீட்டில் எத்தனை மணிக்குப் பனி விலகும் என்பது பற்றியும் பரீட்சார்த்தி விளக்குவார். விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்ந்த உத்தியோகத்தருக்கு இரண்டாம் அரச கரும மொழியைக் கற்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மேசைக்கு இப்பக்கம் இருப்பவருக்கு அவகாசம் கேள்விக்கும் பதிலுக்கும் இடைப்பட்ட நேரம். கடைசிக் கேள்வி “முன் அனுபவம் இருக்கிறதா?”

9. முன் அனுபவம் பற்றிய குறிப்பு

இருக்கிறது, ஏராளமாக. இந்நாட்டில் தோட்டத்து மக்களைப் போல் நேர்முகம் கண்டவர்கள் குறைவு. போசாக்கு, கல்வி, மது, கடன், கழிவறை, கனவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாக்கொத்துடன் ஆய்வாளர்கள் மலையேறி வருகிறார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து, வீட்டார் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி, வீட்டாருக்கு ஏன் சீனி வாங்கக் காசில்லை என்று கேட்கிறார்கள். கூச்சப்படாமல், கண்ணைப் பார்த்து, சுருக்கமாகப் பதில் சொல்வது எப்படி என்பதைத் தோட்டத்துப் பிள்ளை பத்து வயதிலேயே பழகிவிடுகிறது. ‘ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு அதன் பதில்: “அடுத்த ஆய்வுக்கு இங்கதான் சேர் இருப்பேன்.”

அந்த நேர்முகங்களால் யாருக்கும் வேலை கிடைக்கவில்லை என்று சொல்வது அவதூறு. கிடைத்திருக்கிறது, கேள்வி கேட்டவர்களுக்கு. ஒருவருக்கு விரிவுரையாளர் பதவி, ஒருவருக்குத் திட்டப் பணிப்பாளர் பதவி, ஒருவருக்கு ஜெனீவாவில் ஒரு கருத்தரங்கு. அவர்கள் எவருக்கும் நியமனக் கடிதம் தோட்ட ஆபிஸ் வழியாக வரவில்லை.

10. முடிவும் பரிந்துரையும்

வீட்டுக்கு ஓர் இலக்கம், பாதைக்கு ஒரு பெயர், தபாலுக்கு வீட்டு வாசல்வரை ஒரு வழி: இவை மூன்றும் கிடைத்தால் ஊவாத் தோட்டங்களில் நேர்முகப் பரீட்சைக்கான ஆயத்தத்தில் பாதி முடிந்துவிடும் என்று தரவுகள் காட்டுகின்றன. ஆனால் இவ்வளவு எளிய முடிவு ஆய்வுலகில் ஏற்கப்படாது என்பதால், மேலதிக ஆய்வு தேவை என இதனால் பரிந்துரைக்கப்படுகிறது.

அதற்காக ஓர் ஆய்வு உதவியாளர் பதவி வெற்றிடமாக உள்ளது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு முன்னுரிமை. மூன்றாண்டு அனுபவமும் இருபத்தொரு வயதுக்குட்பட்ட வயதும் அவசியம். விண்ணப்பங்களைப் பதிவுத் தபாலில் அனுப்புக. உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரைக் குறிப்பிடுக. தெரிவானவர்களுக்கு நேர்முகப் பரீட்சைத் திகதி கடித மூலம் அறிவிக்கப்பட்டுவிட்டது.