போர்டுதான் போயிடுச்சு

பெட்டியோடு வரும் ரெடிமேட் கம்ப்யூட்டரை வாங்குபவர்கள்மேல் அவருக்கு ஒரு பரிதாபம் உண்டு. "அதே காசுக்கு நாமளே அசெம்பிள் பண்ணா எங்கேயோ போயிடலாம் சார்" என்பார், கேட்டாலும் கேட்காவிட்டாலும். ஆபீஸ் கேன்டீனில் யாராவது லேப்டாப் வாங்கப்போவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டால், டீ ஆடைகட்டும்வரை விடமாட்டார். எந்த பிராசஸருக்கு எந்த மதர்போர்டு, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் ஏன் கஞ்சத்தனம் கூடாது, எல்லாம் மனப்பாடம். ராத்திரி ராத்திரியாக யூடியூப் பார்த்துத் தேறியவர். ஸ்க்ரூடிரைவரைத்தான் இன்னும் கையில் பிடித்ததில்லை.

ஊருக்கு ஊர் இவரைப் பார்க்கலாம். சென்னையில் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். அண்ணா சாலையை ஒட்டி, ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர்போன அந்தச் சந்தில், மொபைலில் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குபவர் இவர்தான். நூறு ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்பார். கடைசியில் கடைப் பையன், "அண்ணே, இங்கேயே மாட்டித் தர்றேன், ஓட்டிப் பாத்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும்போது முகம் மாறும். கல்யாணச் சாப்பாட்டை ஊட்டிவிடட்டுமா என்று கேட்டதுபோல் இருக்கும் அவருக்கு. "அதெல்லாம் எனக்குத் தெரியும் தம்பி."

மறுநாள் ஞாயிறு, அந்தத் தெருவில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பது அப்போது ஞாபகத்துக்கு வராது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாய் விரிகிறது. ஸ்டாடிக் கரண்ட் போர்டைத் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருப்பதால், செருப்பு போட்டுக்கொண்டு மரமணைமேல் உட்கார்கிறார். உடம்பெல்லாம் வழியும் சென்னை வேர்வையில் ஸ்டாடிக் அவ்வளவு சுலபத்தில் சேராது என்பது வேறு விஷயம். மணையைப் பார்த்து, ஏதோ பூஜை என்று அம்மா சாமி விளக்கை எடுத்துவைக்கிறார். பிராசஸரை வைப்பது, தெர்மல் பேஸ்ட்டைப் பட்டாணி அளவு பிதுக்குவது, கூலரை முடுக்குவது எல்லாம் வீடியோவில் பார்த்தபடியே நடக்கின்றன. கடைசியில், கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்களின் முறை வரும்போது நள்ளிரவு தாண்டிவிடுகிறது. அவற்றின் நுனியில் இருக்கும் எழுத்தை வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு படிக்க வேண்டும். வீடியோவில் இந்த இடம் வரும்போது அவர் எப்போதும் ஓட்டிவிடுவார்.

பொட்டு வைத்தாயிற்று. பட்டனை அமுக்குகிறார். ஒன்றுமில்லை. ஃபேன் அசையவில்லை, விளக்கு மினுங்கவில்லை.

இந்த இடத்தில் வேறொருவர் பிளக் சரியாக இருக்கிறதா, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சுவிட்ச் போட்டிருக்கிறதா, போர்டுக்குப் போகும் 24 பின் கேபிள் கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா, பிராசஸருக்குத் தனியாகப் போகவேண்டிய 8 பின் கேபிள் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். புது கம்ப்யூட்டர் எழுந்திருக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி ஏதாவதுதான். நம்மவர் அண்ணாந்து பார்த்து, "போர்டுதான் போயிடுச்சு" என்கிறார். பின்னால் இருக்கும் சுவிட்சைப் போடவில்லை என்று தெரிந்தால் மானம் போகும். போர்டு போனால் பணம்தானே போகும்!

பிறகு பரிசோதனைகள். மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பர் வருகிறது. பழைய ராமின் தங்க முனையைத் தேய்த்துக் களிம்பு எடுப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் நெடுநாள் வைத்தியம். இவர் அன்று பிரித்த புது ராமைத் தேய்க்கிறார். போர்டில் இருக்கும் 3 வோல்ட் சில்லு பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி மாட்டுகிறார். அப்புறம் பேப்பர் கிளிப். 24 பின் கேபிளில் 16ஆவது துளையையும் பக்கத்திலுள்ள எர்த் துளையையும் கிளிப்பால் இணைத்தால், போர்டு இல்லாமலேயே எஸ்எம்பிஎஸ் ஓடும். முன்பெல்லாம் அந்த 16ஆவது வயர் பச்சையாக இருக்கும். இப்போது வரும் பல கேபிள்களில் எல்லாமே கறுப்பு. ஆகவே விரல்விட்டு எண்ணுகிறார், தப்பான பக்கத்திலிருந்து. அப்புறம் சரியான பக்கத்திலிருந்து. எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றுகிறது. முகத்தில் அப்படியொரு நிம்மதி. எஸ்எம்பிஎஸ் நல்லாயிருக்கிறது என்றால் போர்டுதானே?

"கடையிலேயே மாட்டி வாங்கியிருக்கலாம்ல?" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. காதில் விழாததுபோல் இருக்கிறார்.

இவருக்கு ஒரு தம்பி வகையும் உண்டு: எல்லாம் சுற்றும், டிஸ்ப்ளே வராது. உள்ளே கிராபிக்ஸே இல்லாத 'எஃப்' வகை இன்டெல் பிராசஸரை வாங்கிவிட்டு, மானிட்டர் வயரை கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருப்பார். அல்லது டிடிஆர்5 ராம் போட்ட ஏஎம்5 போர்டு. முதன்முறை ஆன் செய்யும்போது அது ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கறுப்புத் திரையோடு நிற்கும். அதுவரை பொறுக்காமல் பவரைப் பிடுங்கி, மறுபடி போட்டு, அதை முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்துக்கொண்டே இருப்பார்.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு. கேபினட்டைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ரிச்சி தெரு. "தம்பி, போர்டு டெட். வாரண்டியில மாத்திக் குடுங்க." பையன் பதில் சொல்லவில்லை. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, முன்பக்க வயர்களை உருவிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் இரண்டு பின்களைத் தொட்டான். எல்லா ஃபேனும் சுற்றின.

அந்தக் காலத்து ஏடி கேபினட்டுகளில் 230 வோல்ட்டும் முன்பக்க சுவிட்ச் வழியாகவே போய்வரும். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த பட்டன் வெறும் அழைப்புமணி. இரண்டு பின்னை ஒரு நொடி சேர்த்துவைத்து போர்டுக்குத் தகவல் சொல்வதோடு அதன் வேலை தீர்ந்தது. எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புவது போர்டின் பொறுப்பு. நம்மவர் பவர் பட்டனின் வயரை ரீசெட் பின்னிலும் ரீசெட் வயரை பவர் பின்னிலும் மாட்டியிருந்தார். ஓடாத கம்ப்யூட்டருக்கு ரீசெட் அடித்தால் ஒன்றும் நடக்காது. அந்த இரண்டு ராத்திரியில் பக்கத்திலிருந்த குட்டி ரீசெட் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கியிருந்தால், கம்ப்யூட்டர் ஜம்மென்று எழுந்து உட்கார்ந்திருக்கும்.

"எவ்வளவு தம்பி?"

"இதுக்கெல்லாம் என்னண்ணே, போங்க."

சும்மா போக அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடிக்குள் கலர்கலராக மின்னிய மூன்று ஃபேன்களைக் காட்டி, பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டார். "மாட்டித் தரவாண்ணே?" என்ற கேள்வி முடிவதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அந்த ஃபேன் விளக்குகள் 5 வோல்ட், மூன்று பின். அவருடைய போர்டில் இருப்பது 12 வோல்ட், நான்கு பின். சாயங்காலம் கடைக்கு போன் வந்தது.

"தம்பி, ஃபேன் சுத்துது, லைட்டு எரியல. நான் அப்பவே சொன்னேன்ல, இந்த போர்டுல ஏதோ இருக்கு."

"கொண்டாங்கண்ணே."