முதுகுல பை மாட்டின தம்பிக்கு

தம்பி, கத்தார்ல இருந்த நல்ல வேலையை விட்டுட்டு ஆசியாவைச் சுத்திப் பார்க்கப் போறியாமே? பிளேன்ல ஏற மாட்டியாம். பஸ், ரயில், லொறி, எது கிடைச்சாலும் தரைவழிதானாம். அதுதான் பெருமையாம். நம்ம உடப்பு ஊர் முழுக்க இதுதான் இப்ப கதை. நான் சிரிக்கல்ல. கொஞ்சம்தான் சிரிச்சன்.

முதல்ல அந்தப் பையைப் பத்திக் கதைப்போம். 60 லீட்டர் பையாம். பையை லீட்டர்ல அளக்குறதை இப்பதான் கேக்கிறன். நமக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும்தான் லீட்டர் கணக்கு. உள்ள என்ன வச்சிருக்க? மடக்குற கரண்டி, மடக்குற கோப்பை, மடக்குற கதிரை. மடக்க ஏலாதது உன் வாய் மட்டும்தான். தண்ணி வடிகட்டுறதுக்கு ஒரு குழாய் வேற. ஏன் ராசா, வழியில இருக்கிற சனமெல்லாம் தண்ணி குடிக்காமலா சீவிக்குது? ஒரு வீட்டு வாசல்ல நின்னு தாகமா இருக்குன்னு சொன்னா, தண்ணியும் வரும், கதையும் வரும். உன் குழாயில தண்ணி மட்டும்தான் வரும். காய்ச்சல் மாத்திரை கொண்டு போ, அது புத்தி. கதிரையை வச்சிட்டுப் போ. ஆசியாவுல குந்த இடமா இல்ல?

போகாதன்னு நான் சொல்லல்ல. நம்ம மூத்தவங்க போகாம இருந்திருந்தா இந்த ஊரே இல்ல. ராமேஸ்வரத்துப் பக்கக் கரையில இருந்து தோணியில வந்த சனம் நாமன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் முந்தல் களப்பு, நடுவுல இந்த மணல். வந்து இறங்கினவங்க அதைச் சொல்லி மேடை போடல்ல. வலை போட்டாங்க.

அதுக்குப் பிறகும் சும்மாவா இருந்தாங்க? சோளகக் காத்து எழும்பினா நம்ம கடல் பேயாடும். கரைவலை இழுக்க ஏலாது. வலைச் சொந்தக்காரச் சம்மாட்டி முற்பணம் குடுப்பார். வலை, கம்பாக் கயிறு, தோணி, பானை சட்டி எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, அந்த நேரம் கடல் அமைதியா இருக்கிற கிழக்குக் கரைக்குப் போவாங்க. முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம். கரையில வாடி போட்டு மாசக்கணக்குல இருப்பாங்க. வலை இழுக்கிற அம்பாப் பாட்டு அங்கேயும் கேக்கும். நாள் மாறி வாடைக்காலம் வந்தா மூட்டையைக் கட்டி ஊருக்கு. அந்த வாடிக்கு நட்சத்திரம் போட்டு மதிப்பெண் குடுத்தவன் யாருமில்ல. குடுத்திருந்தா கருவாட்டு வாசத்துக்கு ஒண்ணு குறைச்சிருப்பான்.

இன்னொரு கூத்தைக் கேளு. எந்தச் சோளகத்துக்குப் பயந்து நாம கரையை விட்டே போனமோ, அதே காத்தைத் தேடி வெள்ளைக்காரன் இப்ப பிளேன் ஏறி வாறான். கற்பிட்டியில போய்ப்பாரு. மே மாசத்துல இருந்து ஒக்டோபர் வரைக்கும் பட்டத்தைக் கட்டிக்கிட்டுப் பலகையில நின்னு கடல்ல பறக்கிறான். அந்தக் காத்துக்குக் காசு குடுக்கிறான். நாம இலவசமாத் திட்டிக்கிட்டு இருந்த காத்து, தம்பி!

சரி, பயணம்னா என்னன்னு உனக்கு ஒரு ஆளைக் காட்டுறன். 1344ல இப்னு பதூதான்னு ஒரு மொரோக்கோக்காரன் மாலைதீவுல கப்பல் ஏறினான். சோழமண்டலக் கரைக்குப் போக வேண்டியவனைக் காத்து இந்தப் பக்கம் தள்ளிவிட்டுது. வந்து சேர்ந்த இடம் புத்தளம். மரத்தால மதில் கட்டின சின்ன அழகான பட்டினம்னு எழுதியிருக்கான். அப்ப அங்க இருந்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பாரசீகம் விளங்கின ராசா. முத்தைக் காட்டினார், குடுத்தார், வெக்கப்படாம வேணுங்கிறதைக் கேளுன்னார். இவன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பாவா ஆதம் மலைக்குப் போகணும். நாம சிவனொளிபாதம்னு கும்பிடுற அதே மலை.

ராசா என்ன செய்தார் தெரியுமா? பல்லக்கு ஒண்ணு, அதைத் தூக்க ஆள், வருசா வருசம் அந்த மலைக்குப் போய்ப் பழகின யோகிமார் 4 பேர், பிராமணர் 3 பேர், தன்னோட ஆக்கள் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர். இப்ப சொல்லு, அவன் பை எத்தனை லீட்டர்?

உலகத்துப் பயணிக்கெல்லாம் தாத்தா இந்த ஆள். முதுகுல ஒண்ணும் சுமக்கல்ல. புத்தளத்துல இருந்து சிலாபத்துக்கு வந்து, அங்க இருந்து மலைநாட்டுக்குப் போனான். சிலாபம் போறவன் நம்ம பக்கத்தாலதானே போகணும்? கரையில வெள்ளம் கொண்டுவந்து குவிச்ச கறுவாக் கட்டையை எழுதினான். காட்டு அட்டையை எழுதினான். அட்டை கடிச்சா அதுமேல எலுமிச்சம்புளி பிழியணும்னு அதையும் எழுதி வச்சான். பார்த்தியா, வேலைக்காகிற விசயம். நீ போன மாசம் எல்ல பாலத்துல நின்னு போட்ட படத்தால யாருக்கு எந்த அட்டை விழுந்திச்சு?

ஆளும் பெரிய யோக்கியன் இல்ல. மாலைதீவுல நீதவான் வேலை பார்த்துக்கிட்டு ஒரே நேரத்துல நாலு கலியாணம். அதை மட்டும் படிச்சுக்கிட்டுப் போயிடாத.

நான் சொல்ல வந்தது வேற. அவன் வீட்டை விட்டு வெளிக்கிட்டது 1325ல, 21 வயசுல. எல்லாம் சுத்தி முடிச்சு ஊர் போய்ச் சேர்ந்து, ஒருத்தரை உக்கார வச்சுச் சொல்லச் சொல்ல எழுதி முடிச்சது 1355ல. முப்பது வருசக் கதையை வயித்துக்குள்ள வச்சிருந்தான். நீ இன்னும் பத்துளுஓயாச் சந்தியைத் தாண்டல்ல. பையை மட்டும் படம் பிடிச்சுப் போட்டு, அதுக்கு வாழ்த்தும் வாங்கிட்ட. பாதி வழியில வயித்தால போய்த் திரும்பி வந்தா, அந்த வாழ்த்தையெல்லாம் திருப்பிக் குடுப்பியா?

இனி வழி. தரைவழிதான்னு சபதம் போட்டியே, இலங்கையை விட்டு எப்படி வெளிய போவ? சுத்திக் கடல். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீற்றர். ஒரு காலத்துல இதெல்லாம் ஒரு தூரமா? 1914ல பாம்பன் பாலம் திறந்த கையோட போட் மெயில் ஓட்டம் தொடங்கிட்டுது. கொழும்புக் கோட்டையில ராத்திரி ரயில் ஏறு. தலைமன்னார் துறையில கப்பலுக்கு மாறு. தனுஷ்கோடியில கப்பலடியிலேயே ரயில் நிக்கும். மதராஸ் எழும்பூர்ல போய் இறங்கு. எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட். யாவாரி போனான், கோயிலுக்குப் போற கிழவி போனா, தோட்டத்துச் சனம் போச்சு, புதுப் படம் பார்க்கப் போனவனும் உண்டு. ஒருத்தனும் அதை வீரம்னு சொல்லல்ல.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சுபோச்சு. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே கொண்டுபோச்சு, உள்ள நூறு பேருக்கு மேல. பிறகு ராமேஸ்வரத்துல இருந்து ராமானுஜம்னு ஒரு கப்பல் வந்து போய்க்கிட்டு இருந்திச்சு. 1984ல அதுவும் நின்னுபோச்சு. ஏன்னு நான் சொல்லணுமா? சண்டை ஓய்ஞ்ச பிறகு, 2015ல தலைமன்னார்த் துறை வரைக்கும் தண்டவாளத்தைத் திருப்பிப் போட்டுக் குடுத்தாங்க. துறைக்கு ரயில் வந்திட்டுது. கப்பல்தான் வரல்ல. 2023 ஒக்டோபர்ல நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் ஒரு கப்பல் விட்டாங்க. ஓடிச்சு, நின்னுது, அடுத்த வருசம் ஓகஸ்ட்ல திரும்ப ஓடிச்சு. அதைக் கேட்டு விசாரிச்சுக்கிட்டுப் போ. அது ஓடாத நேரம் போனியோ, உன் தரைவழிப் பயணம் கட்டுநாயக்காவுல பிளேன் ஏறித்தான் தொடங்கும்.

எழுபதுகள்ல வெள்ளைக்காரப் பொடியன்மார் முடி வளர்த்துக்கிட்டு இஸ்தான்புல்ல இருந்து தெஹ்ரான், காபுல், லாகூர், டெல்லி, காத்மாண்டுன்னு பஸ்ஸில வருவாங்க. சிலபேர் அப்படியே தெற்கால இறங்கி, அந்த ராமேஸ்வரம் கப்பலைப் பிடிச்சு ஹிக்கடுவ வரைக்கும் வந்து கிடப்பாங்க. 1979ல ஈரான்ல புரட்சி, ஆப்கானிஸ்தான்ல ரஷ்யப் படை. வழி மூடிப்போச்சு. அந்த வழியால வந்த ஒரு புருசன் பெண்சாதி, வீலர்னு பேர், கையில 27 சதத்தோட அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தாங்களாம். வந்த வழியை 1973ல புத்தகமாப் போட்டாங்க. அதுதான் லோன்லி பிளானட் கொம்பனியோட தொடக்கம். விளங்குதா? பயணம் போய்ப் பணக்காரன் ஆகல்ல. போறவனுக்கு வழி சொல்லி ஆனாங்க. அதால நானும் உனக்கிட்ட இந்தப் புத்திமதிக்குக் காசு கேக்கலாம்.

அடுத்தது பர்மா வழி. இந்தியாவுல இருந்து தாய்லாந்துக்கு ரோட்டால போகலாம்னு படத்துல விரலை வச்சுக் காட்டினியாம். விரல் போகும். 2021ல அங்க பட்டாளம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு நீ போவியாங்கிறதுதான் கேள்வி. அந்த எல்லையில மணிப்பூர்ப் பக்கம் மோரேன்னு ஒரு ஊர். அங்க நம்ம தமிழ்ச்சனம் இருக்கு. எப்படி வந்திச்சு? 1962ல நேவின்னு ஒரு பட்டாளத்தான் பர்மாவுல ஆட்சியைப் பிடிச்சான். கடையும் காணியும் பறிபோன பர்மாத் தமிழர் கப்பல் ஏறி மதராஸ் வந்தாங்க. பார்க்காத ஊர், பழகாத முகாம். அதுல சிலபேர், பிறந்த மண்ணுக்கே திரும்பிடுவோம்னு இந்தியாவை மூலைக்கு மூலை கடந்து மணிப்பூர் எல்லைக்குப் போனாங்க. பர்மாக்காரன் உள்ள விடல்ல. பின்னுக்கும் போக மனசில்ல. அங்கேயே எல்லையில குந்திட்டாங்க. கடை போட்டாங்க. அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினாங்க.

இதுவும் தரைவழி ஆசியாப் பயணம்தான் தம்பி. மன்னார்க் கரையில இறங்கி, காட்டுக்குள்ளால மாத்தளைக்கு நடந்து, வாந்திபேதியில வழியிலேயே செத்த தோட்டத்துச் சனத்தோட பயணமும் அதுதான். 2012 வாக்குல இந்தச் சிலாபக் கரையில இருந்து ட்ரோலர் ஏறி அவுஸ்திரேலியாவுக்கு வெளிக்கிட்ட பொடியன்மாரும் பயணம் போனவங்கதான். பலபேரை நடுக்கடல்ல நேவி பிடிச்சுக் கொண்டுவந்துது, போய்ச் சேர்ந்தவங்களையும் அங்க அடைச்சு வச்சாங்க. அவங்க பையை யாரும் படம் பிடிக்கல்ல.

உனக்குச் சுத்துறதுக்குக் காசிருக்கு, நேரமிருக்கு, நல்லது. ஆனா உன் பாஸ்போட்டும் வெள்ளைக்காரன் பாஸ்போட்டும் ஒண்ணுன்னு நினைக்காத. அவன் எல்லையில சிரிச்சுக்கிட்டு நடந்து போவான். அதே வாசல்ல உன்னைத் தனியாக் கூப்பிட்டு, பேங்க் கணக்குக் காட்டு, திரும்பிப் போற டிக்கெட் காட்டு, இங்க யாரைத் தெரியும்னு கேப்பாங்க. அந்த இடத்துல ஆங்கிலத்துல சண்டைக்குப் போகாத. கடதாசியெல்லாம் ஒரு ஃபைல்ல ஒழுங்கா வச்சிரு. சட்டைக்குள்ள கொஞ்சம் டொலர் தச்சு வச்சிரு. வெளிநாட்டுக்குப் போன நம்ம பொண்டுகள்கிட்டக் கேளு, சட்டை கிழியாமக் காசு மறைக்கிறது எப்படின்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

எத்தனை நாடு போனன்னு திரும்பி வந்து எனக்கிட்டச் சொல்லாத. நாட்டு எண்ணிக்கை எனக்கு என்னத்துக்கு? போன இடத்துல எவனாவது ஒருத்தன் உன்னை வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சோறு போட்டானா? அவன் மீன் எப்படிப் பிடிக்கிறான், கடன் எப்படி வாங்குறான், மகளை எப்படிக் கட்டிக் குடுக்கிறான்னு கேட்டியா? அதைச் சொல்லு, விடிய விடிய உக்காந்து கேக்கிறன். மலையில ஏறி மேகத்தைப் பார்த்த கதையை உன் போனுக்கே சொல்லு. அதுக்கு நித்திரை வராது.

போறதுன்னா ரெண்டு வேலை செய்துட்டுப் போ. எந்த நாட்டுல எந்தக் கிழமை இருப்பன்னு ஒரு கொப்பியில தமிழ்ல எழுதி உன் அம்மாகிட்டக் குடு. அவளுக்கு உன் போன் படமெல்லாம் பார்க்கத் தெரியாது. மற்றது, ஆடியில திரௌபதையம்மனுக்குத் தீமிதி. பூக்குழிக்கு விறகு அடுக்க இளந்தாரிகள் காணாது. எங்க நின்னாலும் அதுக்குள்ள வந்து சேரு. அதுக்குப் பிளேன்லயே வா, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.