கைக்கு எட்டினால் போதாது!

கேள்வி: ஜெர்மனியில் தேவாலய இசைக்கென்றே இசைப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பு இருக்கிறதாமே? ஞாயிற்றுக்கிழமை நாலு பாட்டு வாசிக்க இத்தனை வருஷப் படிப்பா?

பதில்: நாலு பாட்டுதான். ஆனால் ஆர்கனில் கைகள் மேலே ஓட, கால்கள் கீழே பெடல் கட்டைகளில் தனி வரிசை வாசிக்க வேண்டும். பாடகர் குழுவையும் நடத்த வேண்டும். நற்கருணை வரிசை நீண்டுவிட்டால், கடைசி ஆள் இருக்கைக்குத் திரும்பும்வரை அந்த இடத்திலேயே இசையைப் புனைந்து ஓட்ட வேண்டும். அதற்கும் பரீட்சை உண்டு! இளங்கலை முடித்தால் ‘பி’ தகுதி, முதுகலை முடித்தால் ‘ஏ’. பகுதிநேரக்காரர்களுக்கு ‘சி’.

வருமானம்? லைப்சிக்கில் தேவாலய இசைக்குப் பொறுப்பாக இருந்த மேதை பாக், 1730இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் புலம்பியிருக்கிறார்: ஊரில் காற்று நன்றாக இருந்ததால் சாவு குறைந்து, முந்தைய வருஷம் இறுதிச்சடங்குக் கட்டணத்தில் நூறு தாலருக்கு மேல் துண்டு விழுந்ததாம். இப்போது முழுநேரக்காரர்களுக்கு மாதச் சம்பளம். எனவே, ‘ஊரார் நீடூழி வாழட்டும்’ என்று மனதார வேண்டிக்கொண்டே வாசிக்கலாம்!