சீதன வளவும் நினைவகப் பக்கமும்

எழுவான்கரையில் ஒரு வளவு, மூத்தவளுக்குப் பாதி, இளையவளுக்கு எஞ்சியதிற் பாதி என்று சீதனமாகப் பிளவுண்டு, ஈற்றிற் கிணற்றடியும் வேலியுமே மிஞ்சும் விந்தையைக் கண்டு பழகிய மட்டக்களப்பாருக்கு, லினக்ஸ் கருனியின் (kernel) நினைவகப் பரிபாலனத்தில் அதிசயிக்க யாதுமில்லை. அதுவும் பெருந்துண்டுகளைப் பாதிபாதியாய்ப் பிளந்து, 4 கிலோபைட்டுப் பக்கம்வரை தானம் செய்துவிட்டு, 2 மெகாபைட்டுப் பெரும்பக்கமொன்றை ஒருவர் யாசிக்கும்போது, 512 பக்கங்களுக்கு மேலாகவே வெறுமையாய்க் கிடந்தும், அவை அடுத்தடுத்து இராத காரணத்தால் கையை விரிக்கிறது.

இடத்தை மீட்கும் பணிக்கு அமர்ந்த கேஸ்வாப்டி (kswapd) என்னும் ஏவலாள், நெடுநாள் தீண்டப்படாத பக்கங்களை வெளியேற்றுவான்; 2010இல் கருனியின் 2.6.35ஆம் பதிப்போடு வந்த நெருக்கல் (compaction) முறையோ, குடியிருப்போரை ஒருபுறம் பெயர்த்து மறுபுறம் வெளி உண்டாக்கும். கருனியின் சொந்தப் பக்கங்கள் மட்டும், பெண்வீட்டில் வந்தமர்ந்த மருமகனைப்போல், பெரும்பாலும் அசையமாட்டா.

எனினும், பிளந்த இரு பாதிகளும் காலியானவுடன், நொத்தாரிசும் வழக்கறிஞரும் இன்றியே அவை மீண்டும் ஒன்றாகிவிடும். அந்த ஒரு விஷயத்தில் இயந்திரம் நம்மினும் உத்தமம்.