எந்த இனத்துக்கு ஸ்கோப்?

தாம்பரத்தை ஒட்டிய சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் ஒரு ரக இளைஞர் உண்டு. வயது முப்பதைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். பகலில் சோழிங்கநல்லூரில் வேலை. ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு இன்னும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். மேடவாக்கம் சிக்னலில் பாதி ஆயுளைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பி, தோசையை விழுங்கி, அறைக் கதவைச் சாத்தினாரானால் விடிய விடிய கம்ப்யூட்டர் ஆட்டத்தில் வாளும் மந்திரமும்தான். "நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பிச்சு ஓடறான்" என்பது அப்பாவின் தீர்ப்பு. அப்பா மட்டுமா, வாரப் பத்திரிகைகளில் அறிவுரை எழுதுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். என் கட்சி வேறு. இவர் எங்கேயும் தப்பி ஓடவில்லை. தாம்பரத்தை மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டுதான் அந்த உலகத்துக்குள் நுழைகிறார். "உன் நாயகன் எந்த இனம்?" என்று ஆட்டம் கேட்கும் முதல் திரையிலேயே அந்த மூட்டை அவிழ்ந்துவிடுகிறது.

2011 நவம்பரில் வெளிவந்து இன்றும் அலுக்காமல் ஆடப்படும் 'ஸ்கைரிம்' ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கைகளைக் கட்டிக் குதிரை வண்டியில் கொண்டுவந்த நாயகனை ஹெல்கன் என்ற ஊரில் இறக்குகிறார்கள். தலையை வெட்டக் கோடாலியோடு ஒருவன் தயாராக நிற்கிறான். பட்டியலும் கையுமாக இருக்கும் சிப்பாய் "யார் நீ?" என்கிறான். உடனே பத்து இனங்கள் வரிசையாகத் திரையில் விரிகின்றன. (நாயகன் பெயர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இல்லாவிட்டால் என்ன, வெட்டு என்று சிப்பாயின் மேலதிகாரி சொல்லிவிடுகிறார். நம் வாக்குச்சாவடியில்கூட இவ்வளவு தாராளம் கிடையாது.) அந்தக் கோடாலிக்காரனை நம்மவர் ஒன்றரை மணி நேரம் காக்க வைக்கிறார். நார்டு என்றால் குளிரின் கடுமை பாதியாகக் குறையும். உயர் எல்ஃப் என்றால் மந்திர சக்தி ஐம்பது புள்ளி கூடுதல். பிரெட்டன் மேல் ஏவப்படும் மந்திரத்தில் கால் பங்கு வீணாகிப்போகும். இத்தனையையும் குறித்துக்கொண்டு, யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, பெருங்களத்தூரில் இருக்கும் சீனியருக்கு ஃபோன் போடுகிறார். "ஃபர்ஸ்ட் டைமா மச்சி? பிரெட்டன் போட்டுடு. சேஃப். எந்த பில்டுக்கும் ஸ்கோப் இருக்கு." இருநூறுக்கு எவ்வளவு கட்ஆஃப், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் நடந்த அதே பொறியியல் கவுன்சலிங்தான். அன்று பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார், இன்று சீனியர் லைனில் இருக்கிறார்.

தேவைக்கு ஏற்பத்தானே தேர்ந்தெடுக்கிறார், இதில் என்ன தவறு என்று கேட்கலாம். அப்படியானால் முடிச்சூர்க்காரர் எந்த இனத்தை எடுக்க வேண்டும்? 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்து போன ஊர் அது. அதே ஸ்கைரிமில் ஆர்கோனியன் என்று ஒரு பல்லி மனிதன் இருக்கிறான். தண்ணீருக்கடியில் மூச்சு விடுவான், நோயும் அவனை எளிதில் அண்டாது. முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் இவனைவிடப் பொருத்தமான பிறவி உண்டா? ஆனால் அங்கே உள்ளவர்களும் பிரெட்டனுக்குத்தான் போகிறார்கள். ஊரே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கும்போது தன் பிள்ளை மட்டும் சிவில் படிக்கலாமா, அது மாதிரிதான். தேவை வீட்டு வாசலில் முழங்கால் ஆழத்துக்கு நின்றாலும் தேர்வை முடிவு செய்வது ஸ்கோப்.

சரி, அழகுக்காகத்தான் இவ்வளவு நேரம் என்று வைத்துக்கொள்வோம். மூக்கின் நீளம், தாடை அகலம், புருவத்தின் வளைவு என்று ஒவ்வொரு ஸ்லைடரையும் இழுத்து இழுத்துப் பார்க்கிறார் என்பது உண்மை. ஆனால் ஸ்கைரிமில் பலரும் நாயகனின் கண் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறார்கள். தெரிவது இரண்டு கைகள். அரைமணி ஆட்டத்துக்குள் நல்ல தலைக்கவசம் ஒன்று கிடைத்துவிட்டால், பாடுபட்டுச் செதுக்கிய மூக்கும் போயிற்று. யாருமே பார்க்காத மூக்கை எதற்குச் செதுக்குகிறார்? ஜாதகத்தோடு வைக்கும் ஃபோட்டோவுக்காகத்தான். கேட்கிறவர் யாரும் இல்லை என்றாலும் தயாராக இருக்க வேண்டும். நிறத்துக்கான ஸ்லைடர் மாநிறத்தைத் தாண்டி வெளுப்புப் பக்கம் எப்படி நகர்கிறது என்பதை இங்கே விரிக்க வேண்டாம். வரன் விளம்பரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2020 அக்டோபரில் 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தை முழுமையாக முடிக்கும் முன்பே சோதனைக்கு விட்டது. ஆட்டக்காரர்கள் அதிகம் தேர்ந்தெடுத்த அம்சங்களைச் சேர்த்து ஒரு முகம் செய்து பார்த்தார்கள். கொம்பும் வாலும் பேய்க் கண்ணும் கொடுத்திருந்தும் வந்து நின்றது சாதுவான ஒரு வெள்ளைக்கார மனிதன். நிறுவனமே தலையில் அடித்துக்கொண்டு ஆட்டக்காரர்களைக் கிண்டல் செய்தது. 2023 ஆகஸ்டில் ஆட்டம் முழுமையாக வந்தபோது இனங்கள் பதினொன்று. முதல் வார இறுதியில் பாத்திரத்தை உருவாக்கும் திரையில் மட்டும் உலகம் செலவிட்ட நேரம் மொத்தம் 88 வருடம். முன்னணியில் வந்தவை அரை எல்ஃப், மனிதன், எல்ஃப். அதாவது மனிதன், காது கொஞ்சம் கூரான மனிதன், இன்னும் கொஞ்சம் கூரான மனிதன். அந்த ஆட்டத்தில் நூறு பொற்காசு கொடுத்தால் தொழிலை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் பிறந்த இனத்தை மாற்ற வழியே இல்லை. பெல்ஜியத்துக்காரர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

மனிதனுக்கு ஸ்கோப் அதிகம் என்ற நம்பிக்கைக்கு ஆதி நூலிலேயே ஆதாரம் உண்டு. இந்த ஆட்டங்களுக்கெல்லாம் பாட்டியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வந்தபோது குள்ளன் ஆறாம் நிலைக்கு மேல் வீரனாக உயர முடியாது. எல்ஃப் வீரனானால் நான்கோடும், மந்திரவாதியானால் எட்டோடும் நின்றுவிட வேண்டும். மனிதனுக்கு உச்சவரம்பே கிடையாது. எல்ஃபுக்கு நூற்றாண்டுக் கணக்கில் ஆயுள், இருட்டிலும் கண் தெரியும், ஆனால் பிரமோஷன் இல்லை. இதைக் கேட்டால் தாம்பரத்து அப்பா எந்தப் பக்கம் விரல் காட்டுவார் என்று சொல்ல வேண்டுமா? 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த உச்சவரம்பைத் தூக்கிவிட்டது. 2024 பதிப்பு இனத்துக்கென்று இருந்த புள்ளிச் சலுகையைப் பாத்திரத்தின் பின்னணிக்கு மாற்றிவிட்டது. விதி மாறினால் என்ன, சீனியர் மாறவில்லையே.

தமிழனுக்கு அசுரப் பக்கம் ஈர்ப்பே கிடையாதா என்று ஒரு வலுவான ஆட்சேபம் வரும். ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்', 'சூரபத்மன்', 'நரகாசுரன்' என்று நாடகம் போட்டுச் சபாக்களை நிரப்பிய ஊர் இது. உண்மைதான். ஆனால் பத்துத் தலையைச் சுமந்தவர் மனோகர். நாம் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டினோம். அசுரனை ரசிப்பதற்கு டிக்கெட் வாங்கினால் போதும். அசுரனாக இருப்பதற்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே நம்மவர் ஸ்கைரிமை ஒருமுறை ஒழுங்காக முடித்து, உலகத்தைக் காப்பாற்றி, கடமையைத் தீர்த்த பிறகுதான் இரண்டாம் ஆட்டத்துக்கு ஓர்க்கை எடுக்கிறார். பச்சைத் தோல், கீழ்த்தாடையில் தந்தம். "இந்தத் தடவை ஃபுல்லா வில்லன் மச்சி" என்று அறிவிப்பும் உண்டு. அந்த வில்லத்தனம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 'மாஸ் எஃபெக்ட்' ஆட்டத்தில் கெட்டவனாக நடக்கும் காட்சிகளுக்காகத் தாங்கள் நிறைய மெனக்கெட்டிருந்தும் ஏறக்குறைய 92 சதவீதம் பேர் நல்ல வழியில்தான் போனார்கள் என்று அதில் பணிபுரிந்த ஜான் எபெங்கர் 2020இல் சொன்னார்.

நம் ஓர்க்கும் அப்படியே. பிச்சைக்காரனுக்குக் காசு போடுகிறார், கடைக்காரர் தொலைத்த பொம்மையைத் தேடிக் கொடுக்கிறார். ஒரு நாள் ஸ்கைரிமின் மலையடிவாரத்தில் ஓர்க்குகளின் கோட்டை ஒன்று தென்படுகிறது. வேற்றினத்தான் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, எங்கோ இருக்கும் ஒரு மாயக் கையுறையைக் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவார்கள். ஓர்க் என்றால் ஒரு கேள்வியும் இல்லை, ரத்த உறவு, நேரே உள்ளே போகலாம். அன்று மந்திரம், வாள், பூதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நம்மவர் ஒவ்வொரு குடிசையாக ஏறி இறங்கி, ஒருவர் விடாமல் விசாரித்துவிட்டு வருகிறார். மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் அவர் முகத்தில், குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்த களை.