நன்னூலில் விட்டுப்போன வினா

வினா ஆறு வகை என்றார் பவணந்தி முனிவர்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பெருந்துறையை அடுத்த சீனாபுரம்தான் அவர் ஊர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அப்படியானால் குற்றம் இன்னும் பெரிது. சென்னிமலைக்கு ஒரு நடை வந்திருந்தால் ஏழாவதைத் திண்ணையிலேயே பிடித்திருக்கலாம்.

"தூரமுங்களா?" என்பது அது. கிளம்புகிறவரை "எங்கே போறீங்க?" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்காமல் விட்டாலோ, பார்த்தும் பாராத மாதிரி உட்கார்ந்திருந்தான் என்ற பேச்சு கல்யாணப் பந்தி வரைக்கும் வரும். ஆகவே இந்த வினா. கேட்பவருக்குத் தூரம் தெரியவேண்டியதில்லை. தேங்காய் பழத் தட்டோடு முருகன் மலையின் 1,320 படிகளில் ஏறிக்கொண்டிருப்பவரிடமும் "தூரமுங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் படிகள் வேறெங்கும் போவதில்லை.

உரிய விடை, "இங்க வரைக்குமுங்க." நன்னூல் சொல்லும் எட்டு விடைகளில் இதற்கு இடம் தேடினேன். சுட்டியும் எதையும் காட்டாததால் சுட்டு விடை அல்ல. ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாததால் நேரும் அல்ல, மறையும் அல்ல. வினாவுக்கு எதிர்வினா மட்டும் ஓரளவு செல்லும்.

"தூரமுங்களா?"

"தறிக்குப் பாவு வந்துருச்சுங்களா?"

இருவரும் எதையும் தெரிந்துகொள்ளாமல் திருப்தியாகப் பிரிவார்கள்.

சேதி சொல்லாமல் உறவை மட்டும் ஒட்டவைக்கும் இந்தப் பேச்சை மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலர் 1923இல் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதற்காக டிரோப்ரியாண்ட் தீவுகளில் போய்க் குடியிருந்தார். ஈரோட்டில் இறங்கிச் சென்னிமலை பஸ் ஏறியிருந்தால் கப்பல் கூலி மிச்சம்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி ஒருவர் முதல் வாரமே மாட்டினார். "இல்ல சார், ரெண்டு கிலோமீட்டர்தான். பஸ் ஸ்டாண்ட் போயி எட்டரை ஈரோடு வண்டியைப் பிடிக்கணும்." கேட்ட பெட்ஷீட் தறிக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. கேட்காத கணக்கையெல்லாம் ஏன் ஒப்பிக்கிறார்? கடன் கேட்டுவிடுவோம் என்று பயமோ? அதிகாரியோ, இந்த ஊரில் வேவு பார்க்கிறார்கள் என்று வீட்டுக்குப் போன் செய்தார்.

சிப்காட் தொழிற்பேட்டை வேலைக்கு வந்த ஒடிசாப் பையனின் வழக்கு சிக்கலானது. "ரொம்பத் தூரம் அண்ணா, ரெண்டு நாள் ட்ரெயின்" என்றான். இலக்கணப்படி பிழை, ஆனால் உண்மை. கேட்டவருக்கு வேறு வழியில்லை, உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

பையன் சீக்கிரம் தேறிவிட்டான். போன வாரம் டீக்கடை வாசலில் அதிகாரியிடம் அவனே கேட்டான்: "தூரமுங்களா சார்?"

அதிகாரி செல்போனை எடுத்து மேப்பைக் காட்டினார்.