அம்மோனியாவே, உன் திறமை பெரிது

அம்மோனியாவே, உன்னைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். ஆறே நாளில், 20 லிட்டர் தண்ணீரில், சத்தமில்லாமல், நிறம் காட்டாமல் நீ செய்து முடித்த காரியத்தை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன். அவ்வளவு சுத்தமான வேலையை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

உன் பெருமை எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் எங்கள் தெருவுக்குப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூச ஒருவர் வருவார். காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவியதும் குப்பென்று வெண்புகை கிளம்பும், மூக்கைத் துளைக்கும். அந்த நவச்சாரத்துக்குள் இருந்தது நீதான். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உன்னை உருவாக்கலாம் என்று 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் உனக்கென்றே ஓர் ஆலை எழுந்தது. இன்று வயலில் இறைக்கும் யூரியா உன்னிடமிருந்து பிறந்ததுதான். உலகத்துக்குச் சோறு போடுபவன் நீ. அப்படிப்பட்ட நீ என் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்கும் வந்தாய்.

அது மார்கழி. கொளத்தூரில் வாங்கி வந்து இரண்டு வருடம் வளர்த்த ஓரண்டா தங்கமீன். தலையில் முந்திரிப் பழம்போலக் கொண்டை, விசிறிபோல வால். ஒரு காலையில் அதன் வாலெங்கும் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். உடனே அதைத் தனித்தொட்டிக்கு மாற்றினேன். ஹாஸ்பிட்டல் டேங்க் என்பார்களே, அதுதான். புதுக் கண்ணாடி, புது ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர், அடியில் மணல்கூட இல்லை. லிட்டருக்கு 2 கிராம் வீதம் கல்லுப்பு போட்டேன். வெள்ளைப் புள்ளிக் கிருமியின் வாழ்க்கைச் சுழற்சியை வேகப்படுத்தினால்தான் அது மீனை விட்டு வெளியே வரும் பருவத்தில் மடக்க முடியும் என்பதால் ஹீட்டரை 30 டிகிரியில் வைத்தேன். நோயாளி வயிறு வாடக்கூடாதே என்று வேளை தவறாமல் தீனியும் போட்டேன். தண்ணீரை மாற்றினால் உப்பு நீர்த்துப் போகும் என்று தொடவே இல்லை.

இதில் ஒவ்வொன்றையும் நீ உனக்குச் சாதகமாக்கிக்கொண்டாய். எதையும் வீணாக்காத சிக்கனம் உன்னுடையது.

தொட்டியின் சுத்தத்தையே எடுத்துக்கொள். உன்னை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு கூட்டம் உன்னை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். அவை ஒட்டிக்கொள்ளக் கல்லும் மணலும் பஞ்சும் வேண்டும். புதிதாகக் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நான் கொடுத்தது பளபளக்கும் வெறும் கண்ணாடியும் புதுப் பஞ்சும். உன்னை எதிர்க்க அங்கே ஒருவரும் இல்லை.

தீனியில் உன் கணக்கு இன்னும் துல்லியம். புரதம் நிறைந்த தீனி ஒரு கிராம் மீனின் வயிற்றுக்குள் போனால் ஏறத்தாழ 30 மில்லிகிராம் நீயாக வெளியே வருகிறாய். 200 லிட்டர் பெரிய தொட்டியில் அது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். 20 லிட்டரில் 1.5. என் மீனுக்கு நாளொன்றுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் போட்டேன். ஐந்து நாளில் லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்கு மேல் சேர்ந்திருக்கும். இந்தக் கணக்கை மீன் போன பிறகுதான் உட்கார்ந்து போட்டேன்.

சூட்டை நீ பயன்படுத்திய விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் உனக்கு இரண்டு உருவம். அம்மோனியமாக இருக்கும்போது பெரும்பாலும் சாது. அம்மோனியாவாக இருக்கும்போது நஞ்சு. எந்த உருவில் எவ்வளவு என்பதைப் பி.எச். அளவும் சூடும் தீர்மானிக்கின்றன. பி.எச். 7, சூடு 25 டிகிரி என்றால் உன்னில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு இல்லை. பி.எச். 8 ஆனால் ஐந்து பங்கு. அதே 8-இல் 30 டிகிரிக்குச் சூடேற்றினால் ஏழு பங்குக்கு மேல். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் 8. மிச்சத்தை ஹீட்டர் பார்த்துக்கொண்டது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் நஞ்சு. மீனின் செவுள் நோகத் தொடங்க 0.05 போதும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறையும். நோயைத் துரத்த நான் மூட்டிய தீயிலேயே நீ குளிர்காய்ந்தாய்.

நான்காம் நாள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் ரத்தச் சிவப்பு, வாலில் செங்கோடுகள். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். உன் ஆற்றலில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். உன் வேலையை நோயின் வேலைபோலவே செய்வாய். பார்ப்பவன் மருந்தைக் கூட்டுவான். நானும் கூட்டினேன், மெத்திலீன் புளூ ஊற்றினேன். ஃபில்ட்டரில் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த ஒன்றிரண்டு நுண்ணுயிர்களுக்கும் அது ஆகாது. தண்ணீர் நீலமானதால் உன்னைக் கண்டறியும் சோதனைக் குழாயில் நிறம் பார்ப்பதும் கடினமாகிவிட்டது. உனக்கு நானே திரை பிடித்தேன்.

மீன் உன்னைத் தன் உடலிலிருந்து பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் வெளியே விடுகிறது. ரத்தத்தில் நீ கூடுதல், வெளியே தண்ணீரில் குறைவு என்பதால்தான் அது நடக்கிறது. வெளியே நீ நிறைந்துவிட்டால் வழி அடைபடும். தான் கழிக்க வேண்டியது தன் ரத்தத்திலேயே தங்கி மீன் துடிக்கும். பெற்ற உடலுக்குள்ளேயே திரும்பிக் குடிபுகும் பாசம் வேறு எந்தக் கழிவுக்கு உண்டு?

ஆறாம் நாள் விடியலில் அது பக்கவாட்டில் கிடந்தது. வெள்ளைப் புள்ளிகளில் பாதி உதிர்ந்திருந்தன. நோயை நான் வென்றுகொண்டிருந்தேன், வெற்றி உன்னுடையதாயிற்று.

உன்னை அடக்க வந்தவற்றையும் உன் பக்கம் இழுக்கத் தெரிந்தவன் நீ. சியோலைட் கல்லைப் போட்டால் உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார்கள், பிடிக்கவும் செய்யும். ஆனால் நல்ல தண்ணீரில்தான். உப்புக் கலந்த தண்ணீரில் அந்தக் கல் உப்பை வாங்கிக்கொண்டு உன்னை வெளியே விட்டுவிடும். உப்பு நைட்ரைட்டிடமிருந்து மீனைக் காக்கும், உன்னிடமிருந்து காக்காது. கடையிலிருந்து மீன் கொண்டுவரும் பிளாஸ்டிக் பையில்கூட நீ பொறுமையாகக் காத்திருப்பாய். மீனின் மூச்சிலிருந்து கரியமில வாயு சேரச்சேரப் பி.எச். இறங்கும், நீயும் சாதுவாகக் கிடப்பாய். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அந்த நிமிடமே நீ உருமாறுவாய். அதனால் இப்போதெல்லாம் பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதில்லை. சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்துவிட்டுப் பைத்தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன்.

நீ கற்றுக்கொடுத்த மாதிரி யாரும் எனக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. கட்டணமாக வாங்கிக்கொண்டது ஓர் உயிர்.

இந்த மார்கழியில் இன்னொரு மீனுக்குப் புள்ளி வந்திருக்கிறது. பெரிய தொட்டியில் எப்போதும் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஓடிக்கொண்டே இருக்கிறது, அழுக்கேறி, பழுப்பாக, உன்னைத் தின்னும் உயிர்கள் குடியேறி. மீனோடு அதையும் தனித்தொட்டிக்கு மாற்றினேன். தொட்டியும் இப்போது 40 லிட்டர். முதல் மூன்று நாள் பட்டினி. தங்கமீனுக்கு அது கஷ்டமில்லை, உனக்குத்தான் கஷ்டம். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை. தினமும் காலையில் பாதித் தண்ணீரை மாற்றி, புதிதாக ஊற்றும் 20 லிட்டருக்கு மட்டும் 40 கிராம் உப்பை அளந்து கரைத்து, சூட்டையும் சமப்படுத்தி மெதுவாக ஊற்றுகிறேன். பாதி மாற்றினால் நீ பாதியாகிறாய், அதற்கு மேல் குறைவதில்லை. அதனால்தான் தினமும். காற்றுக்குழாயை இரவிலும் நிறுத்துவதில்லை.

மருந்து ஊற்றும் முன் தொட்டித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து நிறம் பார்க்கிறேன். மீன் வாயைத் திறந்தாலும் முதலில் குழாய், பிறகுதான் மருந்துப் புட்டி. இன்று ஒன்பதாம் நாள். குழாய் மஞ்சளாகவே நின்றது, உன்னைக் காட்டும் பச்சை தட்டவில்லை. மீன் ஒரு மூலையில் வாலை மெல்ல விரித்து நிற்கிறது. உடம்பில் கடைசியாக இரண்டு புள்ளிகள்.

நாளைக் காலையும் குழாயோடு வருவேன். நீயும் வருவாய் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒருநாளும் வராமல் இருந்ததில்லையே நீ.